படிவத்தில் இடமில்லாத இன்னொரு அம்மா

ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் இட்லி மாவுப் போசி. அதற்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் ஊசி மருந்து. வீட்டுக்கார அம்மா உறைமோர் கேட்டு வந்து நின்றால் கண்ணில் பட்டுவிடக்கூடாது என்று டப்பாவின் மேல் ஒரு கட்டு கொத்தமல்லி. தினமும் இரவு எட்டு மணிக்கு ஊசி. பத்து, பன்னிரண்டு நாளைக்கு நாளும் தவறக்கூடாது, நேரமும் தவறக்கூடாது. போட்டுக்கொள்பவருக்கு வயது 34. சொந்த ஊர் கோபி பக்கம். கோவை கணபதியில் பம்புசெட் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறார். போட்டுவிடுபவருக்கு 31. பல்லடத்துக்காரர், சரவணம்பட்டியில் மென்பொருள் வேலை. ஆறு ஆண்டுகளாக ஒரே வீட்டில் இருக்கிறார்கள். தெருவுக்கு அவர்கள் அக்கா, தங்கச்சி மாதிரி. ஒருவருக்கு ஒருவர் யார் என்பது அந்த இருவருக்கும் இரண்டு மூன்று நண்பர்களுக்கும் மட்டுமே தெரியும்.

இந்த வீடு நான் வரைந்துகொண்ட வீடு. கோவையில் இப்படி வாழும் இரண்டு பெண்களின் பெயரையும் தெருவையும் சொல்லி நாளிதழின் நடுப்பக்கத்தில் எழுதும் காலம் இன்னும் வரவில்லை. ஆகவே சட்டம் சொல்வதையும் மருத்துவம் கேட்பதையும் இந்த ஊர் வழக்கத்தையும் கொண்டு இந்த வீட்டைக் கட்டினேன். வீடு மட்டும்தான் என்னுடையது. இனி வரும் சட்டங்களும் தீர்ப்புகளும் ஆண்டுகளும் உள்ளபடியே உள்ளவை.

கொங்கு நாட்டில் கல்யாணமாகி ஆறு மாதம் ஆனால் ஒரு கேள்வி தொடங்கிவிடும். "ஏங்கண்ணு, ஏதாச்சும் விசேசமுங்களா?" பேருந்தில், நோம்பி வீட்டில், பால் சொசைட்டியில், ஜவுளிக்கடையில் என்று அந்தக் கேள்வி பின்னாலேயே வரும். கேட்பவரிடம் அன்பும் இருக்கும், அளவெடுக்கும் பார்வையும் இருக்கும். கொங்குத் திருமணச் சீர்களை நடத்திவைக்கும் அருமைக்காரர் மணமாகி மக்கட்பேறு கண்டவராக இருக்க வேண்டும் என்பது பழைய வழக்கம். பிள்ளையில்லாதவர் மங்கலத்தின் ஓரத்தில்தான் நிற்க வேண்டியிருந்தது. தோட்டமும் கிணறும் கட்டுத்தறியும் இருந்து, ஆள வாரிசு இல்லாத வீட்டைப் பற்றி இந்த மண்ணில் எத்தனை குத்தல் பேச்சுகள்!

கொங்கின் பெருங்கதையே பிள்ளை வரத்தில்தான் தொடங்குகிறது. உடுக்கையடித்து இரவிரவாகப் பாடப்படும் அண்ணன்மார் கதையில் பொன்னரும் சங்கரும் பிறப்பதற்கு முன்பு தாமரை பட்ட பாடுதான் கேட்பவர் நெஞ்சைப் பிடித்து நிறுத்தும் பகுதி. மலடி என்ற சொல்லுக்கு அஞ்சி, தவமிருந்து, சிவனிடம் வரம் வாங்கி வந்து பெற்ற பிள்ளைகள் அவர்கள். 1965இல் காங்கேயம் பக்கம் வந்து தங்கிய கனடா மானுடவியலாளர் பிரெண்டா பெக் அந்தக் கதையை ஒலிநாடாவில் பதிவுசெய்து உலகத்துக்குக் கொண்டுபோனார். இயல்பான வழியில் கிடைக்காத பிள்ளையை வேறு வழியில் தேடுவது இந்த மண்ணுக்குப் புதியதல்ல என்பதற்கு இதைவிடப் பழைய சாட்சி வேண்டியதில்லை.

இன்று அந்தத் தவத்தின் இடத்தில் கருத்தரிப்பு மையங்கள் இருக்கின்றன. 1990இல் டாக்டர் கமலா செல்வராஜ் சென்னையில் தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையைப் பிறக்கவைத்தபோது அது செய்தித்தாளின் முதல் பக்கத்துக்கு உரிய அதிசயம். இப்போது அவிநாசி சாலையில் ஒருமுறை போய்வந்தால் எத்தனை பலகைகள்! கோவை, ஈரோடு, சேலம் மூன்றும் மருத்துவத்துக்குப் பேர்போன ஊர்கள். தாராபுரத்திலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் விடிகாலைப் பேருந்தில் வந்து, கையில் ஃபைலோடு வரிசையில் காத்திருக்கும் தம்பதிகளை எந்த மையத்திலும் பார்க்கலாம்.

நம் வீட்டுப் பெண்கள் அந்த வரிசையில் உட்காருவதற்கு முன்பே அவர்களுடைய தயாரிப்பு தொடங்கிவிட்டது. ஃபோலிக் அமில மாத்திரை, தைராய்டு பரிசோதனை, ரூபெல்லா தடுப்பூசி, அது போட்டபின் ஒரு மாதக் காத்திருப்பு. கருமுட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். ரத்தப் பரிசோதனை. மாதவிலக்கின் இரண்டாம் நாள் ஸ்கேனுக்குப் போக வேண்டும். ஆனால் உடம்பின் நாள்காட்டிக்கு அலுவலகத்தின் நாள்காட்டி தெரியாதே! ஜிஎஸ்டி கணக்கை ஒவ்வொரு மாதமும் 20ஆம் தேதிக்குள் தாக்கல் செய்தாக வேண்டும். கணக்கெழுதும் பெண் 19ஆம் தேதி விடுப்பு கேட்டால் முதலாளியின் முகம் சுருங்கும். 'வயித்து வலிங்க' என்று எத்தனை முறைதான் சொல்வது? ஓர் ஐ.வி.எஃப். சுழற்சிக்கு ஒன்றரை லட்சத்திலிருந்து இரண்டு லட்சம் வரை ஆகும். அதற்காக இளையவர் ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்திருக்கிறார். மூத்தவர் இரண்டு வளையலை அடகு வைத்திருக்கிறார். சனிக்கிழமை சந்தை, ஞாயிறு துணி துவைப்பு, இடையில் கோபியிலிருந்து அம்மா போனில், "அந்தப் பையன் வீட்ல இன்னொருக்கா கேக்கறாங்க சாமி" என்கிறார். இவ்வளவுக்கும் நடுவில்தான் எட்டு மணி ஊசி.

சட்டத்துக்கு வருவோம். செயற்கை முறைக் கருத்தரிப்பு ஒழுங்காற்றுச் சட்டம் 2021 டிசம்பரில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்று, 2022 ஜனவரி 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. சிகிச்சை பெறத் தகுதியானவர்களாக அது இரண்டு தரப்பைக் காட்டுகிறது. ஒன்று, குழந்தைப்பேறு இல்லாத திருமணமான தம்பதி. மற்றொன்று, 'பெண்'. 21 வயதைக் கடந்த, 50 வயதை எட்டாத எந்தப் பெண்ணும் தனியாகவே போய்ச் சிகிச்சை கேட்கலாம். தாலி வேண்டியதில்லை, கணவன் கையெழுத்து வேண்டியதில்லை. கைம்பெண்களும் மணவிலக்குப் பெற்றவர்களும் மணமே செய்துகொள்ளாதவர்களும் இந்தக் கதவு வழியாகப் போகலாம். நம் நாட்டுச் சட்டங்களில் இது பெரிய விஷயம். இதை எழுதியவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் கதவு ஒருவருக்கு மட்டும்தான் திறக்கிறது. 34 வயதுக்காரர் 'தனிப் பெண்' என்று எழுதிக் கொடுத்து உள்ளே போகலாம். ஆறு ஆண்டுகளாகக் கூட வாழ்பவருக்கு அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை. அவர் கூட வந்தவர், அவ்வளவுதான். 'நோயாளிக்கு என்ன உறவு' என்ற இடத்தில் ஒருமுறை 'தோழி' என்று எழுதியிருக்கிறார், ஒருமுறை 'தங்கை'. இரண்டு பேர் சேர்ந்து எடுத்த முடிவை ஒருவருடைய முடிவாக எழுதிக் கொடுத்தால்தான் சிகிச்சை. குழந்தை பிறப்பதற்கு முன்பே, அதன் முதல் ஆவணத்திலேயே ஒரு பொய்யைச் சேர்க்கும்படி சட்டம் நல்லவர்களை நெருக்குகிறது. என் முதல் வருத்தம் இதுதான். முழு வருத்தமும் இதுவே என்றாலும் தப்பில்லை.

அடுத்தது மருத்துவத்தோடு சம்பந்தப்பட்டது. மூத்தவரின் ஏ.எம்.எச். அளவு குறைவு என்று வைத்துக்கொள்வோம். 34 வயதில் அது அரிதல்ல. இந்தச் சுழற்சியில் முட்டை சரியாகக் கிடைக்காவிட்டால், அடுத்து கொடை முட்டையைத்தான் நாட வேண்டும். பக்கத்து நாற்காலியில் 31 வயதில் நல்ல கருமுட்டை இருப்போடு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய முட்டையை எடுத்து, கொடையாளரின் விந்தணுவோடு சேர்த்து, மூத்தவரின் கருப்பையில் வைத்தால் இருவருமே அந்தக் குழந்தைக்கு உடலால் தாயாவார்கள். ஸ்பெயினில் இந்த முறைக்கு 'ரோப்பா' என்று பெயர். மணமான பெண் இணையர் இருவருமே தாயாகப் பதிவாக அந்நாட்டுச் சட்டம் 2007 முதல் வழிசெய்கிறது. நம் சட்டப்படி கொடை முட்டை பதிவுபெற்ற வங்கி வழியாகத்தான் வர வேண்டும். கொடையாளர் குழந்தையின் மீது எல்லா உரிமையையும் விட்டுக்கொடுக்க வேண்டும். அதாவது, முகம் தெரியாத ஒரு பெண்ணின் முட்டைக்கு அனுமதி உண்டு, கூட வாழும் பெண்ணின் முட்டைக்கு இல்லை. கணவனின் விந்தணுவை எடுக்கும்போது அவனை யாரும் 'கொடையாளர்' என்று அழைப்பதில்லையே!

இந்தக் கறார் எதற்காக வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2022 ஜூனில் ஈரோட்டில் வெளிவந்த கொடுமையை இங்கே யாரும் மறந்திருக்க முடியாது. 16 வயதுச் சிறுமி ஒருத்தியை அவளுடைய தாயே, போலி ஆதாரில் வயதைக் கூட்டிக்காட்டி, மருத்துவமனை மருத்துவமனையாக அழைத்துப்போய்க் கருமுட்டையை விற்கவைத்தார். ஈரோடு, சேலம் என்று தொடங்கி மாநில எல்லை தாண்டியும் அந்த வலை நீண்டிருந்தது. கைதுகள் நடந்தன, மாநில சுகாதாரத் துறை விசாரணைக் குழு அனுப்பியது, மருத்துவமனைகள் மீது நடவடிக்கை எடுத்தது. முட்டைக் கொடையாளருக்கு 23 முதல் 35 வயது வரை என்ற வரம்பும், வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் கொடுக்கலாம் என்ற விதியும், ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக்கூடாது என்ற கட்டுப்பாடும், கொடையாளருக்குக் காப்பீடும் அப்போதே சட்டத்தில் இருந்தன. அவற்றை மீறித்தான் அந்தக் குழந்தையின் உடம்பைச் சூறையாடினார்கள். இந்த விதிகளில் ஒன்றைக்கூடத் தளர்த்தச் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. இன்னும் இறுக்கினாலும் வரவேற்பேன். நான் கேட்பது வேறு. ஏழைப் பெண்ணின் உடம்பைத் தரகரிடமிருந்து காக்கும் அதே சட்டம், இருவர் மனமொத்து ஒருவருக்கொருவர் தரும் ஒன்றையும் தரகு வியாபாரத்தோடு சேர்த்துப் பூட்டிவைப்பதில் யாருக்குப் பாதுகாப்பு?

வாடகைத்தாய் முறை பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அங்கே தனிப்பெண் என்றால் 35 முதல் 45 வயதுக்குட்பட்ட கைம்பெண் அல்லது மணவிலக்குப் பெற்றவர் மட்டும்தான். இரண்டு ஆண்கள் சேர்ந்து வாழும் வீட்டுக்கு இரண்டு சட்டங்களிலுமே வழியில்லை. தத்தெடுப்பிலும் அப்படித்தான். தனி ஆளாக விண்ணப்பிக்கலாம்; தம்பதியாக என்றால் குறைந்தது இரண்டு ஆண்டு நிலையான மணவாழ்க்கையைக் காட்ட வேண்டும்.

குழந்தை பிறந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர்? இந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டிலேயே விடை இருக்கிறது. கணவரைப் பிரிந்த ஒரு பெண் கொடையாளரின் விந்தணு மூலம் 2017இல் பெண் குழந்தை பெற்றார். திருச்சி மாநகராட்சியின் சான்றிதழில், சிகிச்சைக்கு உதவிய ஒருவரின் பெயர் தந்தை என்று ஏறிவிட்டது. 2018இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்தப் பெயரை நீக்கி, தந்தை என்ற இடத்தை வெறுமையாக விட்டுச் சான்றிதழ் தரச் சொன்னது. அதற்கு முன்பே, 2015 ஜூலையில், மணமாகாத தாய் தந்தையின் பெயரைச் சொல்லாமலே பிள்ளைக்குக் காப்பாளராகலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. 2016 டிசம்பர் முதல் கடவுச்சீட்டுக்கும் பெற்றோரில் ஒருவர் பெயர் போதும். ஆக, அப்பா இல்லாத குழந்தையைச் சட்டம் ஏற்கப் பழகிக்கொண்டுவிட்டது. இரண்டு அம்மா உள்ள குழந்தைக்குத்தான் அது இன்னும் பழகவில்லை.

நமக்குப் பக்கத்தில், வாளையாறு தாண்டினால் எட்டிவிடும் தூரத்தில், இதைத் தொட்டுச் செல்லும் ஒரு வழக்கு நடந்திருக்கிறது. கோழிக்கோட்டில் சகத் என்ற திருநம்பியும் சியா பாவல் என்ற திருநங்கையும் 2023 பிப்ரவரியில் ஒரு குழந்தைக்குப் பெற்றோரானார்கள். சுமந்து பெற்றவர் சகத். சான்றிதழில் ஒருவரைத் தாய் என்றும் மற்றவரைத் தந்தை என்றும் எழுதியது தங்கள் வாழ்க்கைக்குப் பொருந்தவில்லை என்று நீதிமன்றம் போனார்கள். 2025 ஜூனில் கேரள உயர் நீதிமன்றம் அந்தச் சொற்களை எடுத்துவிட்டு, இருவரையும் 'பெற்றோர்' என்றே குறிக்க உத்தரவிட்டது. பெற்றோர் என்ற சொல்லைப் பாருங்கள். தமிழில் அது ஆணென்றும் பெண்ணென்றும் சொல்வதில்லை. நம் மொழி காலங்காலமாக வைத்திருக்கும் சொல்லைப் படிவத்தில் ஏற்ற ஒரு நீதிமன்ற உத்தரவு தேவைப்பட்டது.

இரண்டாவது அம்மாவுக்குச் சட்டத்தில் இடமில்லாததன் பாரம் குழந்தைக்குக் காய்ச்சல் வரும் நாளில் தெரியும். பள்ளியில் சேர்க்கும் நாளில் தெரியும். பெற்றவருக்கு மகப்பேறு விடுப்பு 26 வாரம் உண்டு. மற்றவருக்கு ஒரு நாள்கூட உரிமையாகக் கிடையாது. கேட்கவே கூடாத நாள் ஒன்றையும் நினைக்க வேண்டியிருக்கிறது. பெற்றவர் இல்லாமல் போனால்? கோபியிலிருந்து தாய்மாமன் வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனால் பல்லடத்துப் பெண் எந்தக் காகிதத்தைக் காட்டித் தடுப்பார்? இரவில் எழுந்து பால் காய்ச்சிக் கொடுத்த கைக்குச் சட்டத்தில் பெயரில்லை. சொத்திலும் இதுவே நிலை. உயில் எழுதாமல் இளையவர் இறந்தால், அவர் வளர்த்த பிள்ளைக்கு அவருடைய வைப்புநிதியில் ஒரு ரூபாய்க்கும் வாரிசுரிமை இல்லை. பங்காளிகள் வரிசையாக நிற்பார்கள்.

ஒரு சிறு வழி இருக்கிறது. தேவைப்படுபவர்களுக்காக அதையும் சொல்லிவிடுகிறேன். 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், மணவுறவுக்கு வெளியே பிறந்த குழந்தையின் தாய் தனக்குப் பின் காப்பாளர் யார் என்று உயில் மூலம் நியமிக்கலாம் என்கிறது. அந்தக் குழந்தைக்குச் சட்டம் வைத்திருக்கும் பெயரைக் கேட்டால் காது கூசும். ஆனால் அந்தப் பிரிவு பயன்படும். எட்டு மணி ஊசியோடு உயிலையும் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. 2024 ஆகஸ்டு, செப்டம்பரில் மத்திய அரசு, பால்புதுமையர் (குயர்) இணையர் கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கவும், ஒருவரை ஒருவர் நியமனதாரராகக் காட்டவும், ஒரே ரேஷன் அட்டையில் ஒரே வீட்டாராகச் சேரவும் தடையில்லை என்று தெளிவுபடுத்தியது. நல்லதுதான். ஆனால் நியமனதாரர் பணத்தைக் கையில் வாங்கிக்கொள்பவர், சொந்தக்காரர் ஆகிவிடமாட்டார். ரேஷன் அட்டையில் ஒன்றாக இருப்பவர்கள் குழந்தையின் சான்றிதழில் ஒன்றாக இருக்க முடியாது.

இந்த முடிச்சின் வேர் 2023 அக்டோபர் 17ஆம் தேதித் தீர்ப்பில் இருக்கிறது. ஒருபால் இணையரின் திருமணத்துக்கு அங்கீகாரம் கேட்ட சுப்ரியோ வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும், திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமை அல்ல என்பதில் ஒன்றுபட்டார்கள். இணைந்து வாழ்வதற்குச் சட்ட அங்கீகாரம் தரலாமா, சேர்ந்து தத்தெடுக்க விடலாமா என்பதில் மூன்றுக்கு இரண்டு என்று பிரிந்தார்கள். சிறுபான்மையாக நின்ற இருவரில் ஒருவர் அன்றைய தலைமை நீதிபதி சந்திரசூட். மற்றவர் சஞ்சய் கிஷன் கவுல். கொங்கு நாட்டாருக்கு இந்த இரண்டாவது பெயர் புதியதல்ல. 2016 ஜூலை 5 அன்று, பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்து எழுத்தாளரின் பக்கம் தீர்ப்பளித்தவர் அவர். குழந்தையில்லாத காளியும் பொன்னாவும் ஊராரின் வாயில் படும் பாட்டையும், பிள்ளைக்காகத் திருச்செங்கோட்டுத் தேர்த்திருவிழாவை நோக்கித் தள்ளப்படும் பெண்ணின் தவிப்பையும் சொன்ன நாவல் அது. பிள்ளை வேண்டி ஏங்கும் இரண்டு விதமான வீடுகளின் வழக்குகளும் ஒரே நீதிபதியின் மேசைக்கு ஏழாண்டு இடைவெளியில் வந்தன. இரண்டிலும் அவர் அந்த வீடுகளின் பக்கம் நின்றார். முதல் முறை அது தீர்ப்பானது. இரண்டாம் முறை சிறுபான்மைக் கருத்தாக நின்றுவிட்டது. 2025 ஜனவரியில் மறுஆய்வு மனுக்களும் தள்ளுபடியாகின.

திருச்செங்கோடு என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது, தவிர்க்க முடியவில்லை. ஆணும் பெண்ணும் ஓருடலாக நிற்கும் அர்த்தநாரீசுவரரின் அந்த மலைக்கோயிலில் தோழியோடு பேசிக்கொண்டிருந்தார் என்பதற்காகத்தான் 2015 ஜூனில் கோகுல்ராஜ் கடத்திக் கொல்லப்பட்டார். அடுத்த மார்ச்சில் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்துக்கு அருகே பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். சாதி மாறிய காதலுக்கே இவ்வளவு ரத்தம் சிந்திய மண்ணில், வங்கியிலிருந்து வரும் பெயரில்லாத விந்தணு எப்பேர்ப்பட்ட அச்சத்தைக் கிளப்பும் என்று யோசிக்கலாம். "நீங்க என்ன ஆளுங்க?" என்று மூன்றாவது வாக்கியத்தில் கேட்டுவிடும் ஊர் இது. இரண்டு பெண்கள் சேர்ந்து வாழ்வது கண்ணை உறுத்துகிறது என்று சொல்பவர்களில் பலருக்கு உள்ளூர உறுத்துவது, சாதி தெரியாத ஒரு குழந்தை தெருவில் ஓடி விளையாடுவதுதான் என்று நான் நினைக்கிறேன். எனக்கோ அந்தக் குழந்தையின் மேல் கூடுதல் வாஞ்சை வருவதே அதனால்தான்.

"பிள்ளைக்கு அப்பா வேண்டாமா?" என்று கேட்பவர்களை நான் பகைவர்களாகப் பார்க்கவில்லை. அக்கறையோடு கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்குச் சொல்ல இரண்டு விஷயங்கள். இங்கிலாந்தில் சூசன் கோலம்பாக் 1970களிலேயே பெண் இணையர் வளர்க்கும் பிள்ளைகளைப் பற்றி ஆராயத் தொடங்கினார். அமெரிக்காவில் நானெட் கார்ட்ரெல் 1986இல் தொடங்கிய ஆய்வு, கொடையாளர் வழியாகப் பிறந்த பிள்ளைகளைக் கருவிலிருந்து 25 வயது வரை பின்தொடர்ந்தது. அப்பா இல்லாததால் அந்தப் பிள்ளைகளின் மனநலம் குன்றவில்லை என்பதே இவர்கள் கண்டது. இரண்டாவதைச் சொல்ல ஆய்வு வேண்டாம். நம் ஊரில் அப்பத்தாவும் அத்தையும் சேர்ந்து வளர்த்த பிள்ளைகள் எத்தனை பேர்! கணவன் போனபின் தோட்டத்தையும் பிள்ளைகளையும் ஒற்றைக் கையால் தாங்கிய பெண்கள் எத்தனை பேர்! மில் ஷிப்டுக்குப் போன தாய்க்காகப் பக்கத்து வீட்டம்மா சோறூட்டி வளர்த்ததை அனுபவித்தவர்கள் இந்தக் கட்டுரையைப் படிப்பவர்களிலேயே இருப்பார்கள். பிள்ளையை வளர்ப்பது யார் என்பதில் இந்த மண் எப்போதும் தாராளமாகத்தான் இருந்திருக்கிறது. எழுதிக் கொடுக்கச் சொன்னால்தான் கை பின்வாங்குகிறது.

நம்பிக்கை தருவது சென்னை உயர் நீதிமன்றம். 2019 ஏப்ரலில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இந்துத் திருமணச் சட்டம் சொல்லும் மணமகள் என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்றார். 2021 ஜூனில் மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்டு வந்தபோது நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இதைப் பற்றித் தனக்குப் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, தானே ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டறிந்துவிட்டுத்தான் தீர்ப்பு எழுதினார். நீதிபதி நாற்காலியில் இருந்துகொண்டு 'எனக்குத் தெரியவில்லை, கற்றுக்கொள்கிறேன்' என்று சொன்ன அந்த மனத்துக்கு நான் கைகூப்புகிறேன். அந்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான் 2022இல் 'பால்புதுமையர்' உள்ளிட்ட மதிப்பான சொற்களைத் தமிழ்நாடு அரசு அரசிதழில் வெளியிட்டது. 2025 மே மாதம் நீதிபதிகள் சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும், பெற்றோர் பூட்டிவைத்த 25 வயதுப் பெண்ணை அவருடைய இணையோடு அனுப்பிவைத்தார்கள். குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றுதான் வழி என்றில்லை, தாமே தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்று எழுதினார்கள்.

அரசு என்ன செய்யலாம்? ஒன்று கையருகிலேயே இருக்கிறது. 2023 நவம்பரில் ஆனந்த் வெங்கடேஷ், மணம் செய்துகொள்ள முடியாத இணையர் தங்களைக் குடும்பமாகப் பதிவுசெய்துகொள்ள 'குடும்ப இணைவுப் பத்திரம்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவரும்படி தமிழ்நாடு அரசுக்கு யோசனை சொன்னார். மண உரிமை பற்றிய பெரிய விவாதத்தைத் தொடாமலே, மருத்துவமனையிலும் வாடகை வீட்டிலும் பள்ளியிலும் காட்ட ஒரு காகிதம் அது. சுயமரியாதைத் திருமணத்தை 1967இல் சட்டமாக்கிய மாநிலத்துக்கு இது எட்டாத உயரமா? புரோகிதரும் மந்திரமும் இல்லாமல் இருவர் மாலை மாற்றிக்கொண்டால் போதும் என்று அன்று துணிந்து எழுதியவர்களின் வழிவந்த கட்சிகள்தான் இங்கே மாறி மாறி ஆண்டிருக்கின்றன. கருத்தரிப்புச் சட்டம் மத்திய அரசினுடையது. 'தம்பதி' என்பதன் விளக்கத்தைத் திருத்த நாடாளுமன்றம்தான் வேண்டும். ஆனால் மையங்களைப் பதிவுசெய்து கண்காணிக்கும் அதிகாரம் மாநிலத்தில் இருக்கிறது. தனிப்பெண்ணிடம் தாலியும் கணவனும் எங்கே என்று வரவேற்பு மேசையில் கேட்கக்கூடாது என்று ஒரு சுற்றறிக்கை போதும். நோயாளி யாரைத் தன் துணை என்று சொல்கிறாரோ அவரை உள்ளே விட வேண்டும் என்று இன்னொரு வரி. இங்கிலாந்தில் 2009 முதல் பிறப்புச் சான்றிதழில் இரண்டாவது தாயின் பெயர் ஏறுகிறது. பிரான்ஸ் 2021இல் பெண் இணையருக்கும் தனிப்பெண்களுக்கும் கருத்தரிப்புச் சிகிச்சையைத் திறந்துவிட்டது. தாய்லாந்தில் 2025 ஜனவரி முதல் இத்தகைய இணையர் மணந்துகொள்ளலாம். உலகம் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது என்று மிரட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த நாடுகளிலும் எட்டு மணி ஊசியை மறைத்து வைத்த காலம் இருந்தது. ஒரு தலைமுறையில் அது மாறியது.

மீண்டும் நம் வீட்டுக்கு. ஜிஎஸ்டி தாக்கல் முடிந்துவிட்டது. முட்டை எடுக்கும் நாள் வந்துவிட்டது. மயக்க மருந்து கொடுப்பார்கள் என்பதால் வெறும் வயிறு, கூட ஒருவர் கட்டாயம் வர வேண்டும். விடிகாலை ஐந்தரைக்கு வீட்டுக்கார அம்மா வாசல் தெளித்துக்கொண்டே, "ஏனுங் அம்மணிகளா, இத்தன நேரத்துல எங்கீங்?" என்கிறார். "ஆசுபத்திரிக்குங்க, செக்கப்புங்க" என்று இளையவர் ஸ்கூட்டியைக் கிளப்புகிறார். காந்திபுரம் சிக்னலில் வண்டி நிற்கிறது. இன்று அந்தப் படிவம் மறுபடியும் வரும், உறவு என்ன என்று கேட்கும் கட்டத்தோடு. என்ன எழுதட்டும் என்று இளையவர் தலையைத் திருப்பாமலே கேட்கிறார்.

பின்னால் இருப்பவர் அவருடைய தோளைப் பிடித்துக்கொள்கிறார். "இந்தவாட்டி இருக்கறதையே எழுதிப்போடு கண்ணு."